எட்டும் தூரம்

இரண்டு மணி நேரமாக அண்ணன் தன் பைக்கின் பிரேக், கிளட்ச் லீவர்களைக் கழற்றிப் புதியவற்றை மாட்டிக்கொண்டிருந்தான். விரல் நீளத்துக்கு ஏற்ப, எண் போட்ட திருகைத் திருப்பி நகர்த்திக்கொள்ளும் லீவர்கள்.

தங்கைக்கு வயிறு எரிந்தது. லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து அவள் சாவி கேட்டபோதெல்லாம், “உன் பொம்மை விரலுக்கு லீவர் எட்டாது” என்று விரட்டியவன் அவன். ஒரு வாரமாக வண்டியைத் தொடாமல் பஸ்ஸில் போகிறான். விற்கப் போகிறான் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள்.

“எந்த மகராசிக்கு விக்கிறே?”

“வாயாடாம இது எந்த நம்பர்ல நிக்குதுன்னு சொல்லு.”

“மூணு. மூக்குக்கு நேரா இருக்கு, தெரியலையா? பணம் கண்ணை மறைக்குது துரைக்கு!”

கீழே விழுந்த போல்ட்டை அவன் தரையில் தடவித் தேடினான். அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

“ஏறி உட்காரு. கிளட்ச்சைப் பிடிச்சுப் பாரு.”

“வாங்கறவளுக்கும் என் விரல்தானா?” என்று முணுமுணுத்தபடி ஏறினாள். லீவர் அவள் விரல்களுக்குள் சுகமாக அடங்கியது.

“எட்டுதா?”

“எட்டுது.”

சாவியை அவள் கையில் வைத்தான்.

“நாளையிலேருந்து என்னை ஆபீஸ்ல நீதான் இறக்கி விடணும்.”

“ஏன், ஐயாவுக்குக் கை சுளுக்கிடுச்சா?”

“கண்ணுதான்டி. பார்வை குறைஞ்சுக்கிட்டே வருது. இனிமே நான் வண்டி ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”