தங்கவயல் கைடு

அந்த கைடு வாயைத் திறந்தால் பொய்தான் வருகிறது என்று கலையரசனுக்குக் கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துபோயிற்று.

“இந்தச் சக்கரம் சுத்துச்சின்னா சார், பெங்களூர்ல டீ கிளாஸ் ஆடும்!”

வேனில் வந்தவர்கள் சுரங்கக் குழிக்கு மேலே நின்ற ராட்சத இரும்புச் சக்கரத்தை அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். எல்லோரும் திருவண்ணாமலை வேங்கிக்காலில் ஒரே ஆபீஸ். விடிகாலையிலேயே கிளம்பி, இரண்டு வருஷமாக மூடிக் கிடக்கும் கோலார் தங்கச் சுரங்கத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். ஏற்பாடு, ஹெட் கிளார்க் கலையரசன். லைப்ரரியையே கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வேனில் ஏறியிருந்தார்.

“இந்த பங்களாவுல இருந்த தொரை, நாய்க்கே தங்கப் பல்லு கட்டுனாரு!”

“எந்த தொரை? பேர் என்ன?” என்று மடக்கினார் கலையரசன்.

“நாய் பேருதான் சார் தெரியும். டைகர்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கலையரசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிரிக்காத இன்னொருவர் அட்டெண்டர் வேடியப்பன். எந்த டூருக்கும் வராத மனிதர், இதற்கு மட்டும் முதல் ஆளாகப் பேர் கொடுத்திருந்தார். காரணத்தை வேனில்தான் கலையரசனிடம் சொன்னார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது இங்கே சுரங்க வேலைக்கு வந்த அப்பா, அப்புறம் ஊர்ப்பக்கம் எட்டியே பார்க்கவில்லை. ‘ஓடிப்போனவன் மவன்’ என்பதுதான் ஐம்பது வயதிலும் ஊரில் அவருக்குப் பேர். அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தால் போதும் அவருக்கு.

மற்றவர்கள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு நிழலில் ஒதுங்கியதும், வேடியப்பன் தயங்கித் தயங்கி கைடிடம் போனார். கலையரசனும் கூடவே போனார்.

“தம்பி, எங்கப்பா இங்கதான் வேல செஞ்சாரு. இருசப்பன்னு பேரு. கீழ்பென்னாத்தூரு.”

கைடு அவரை ஏற இறங்கப் பார்த்தான். அவ்வளவு நேரம் ஓயாத வாய், சட்டென்று ஓய்ந்தது.

“இருசப்பனா? அவரத் தெரியாதவங்க இங்க யாருண்ணே? உள்ள பாறை சரிஞ்சப்ப மூணு பேர வெளிய தள்ளிட்டு, அவரு மாட்டிக்கினாரு. இதோ, இந்தக் குழியிலதான்.”

“அப்ப... ஓடிப்போவலியா?”

“அவரா? சதா உங்களப் பத்தியேதான் பேசிக்கினு இருப்பாராம். லீவு போட்டு ஊருக்கு வர்றதா இருந்தாராம். அதுக்குள்ள இப்பிடி ஆயிடுச்சி.”

“ஒரு சேதி சொல்லலியே தம்பி!”

“அட்ரஸ் யாருக்கும் தெரியலண்ணே.”

வேடியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு சட்டைப்பையிலிருந்த அண்ணாமலையார் கோயில் திருநீற்றை எடுத்து, கம்பி வேலி வழியாகக் குழியைப் பார்த்துத் தூவினார்.

கைடு குனிந்து நெற்றியைக் காட்டினான். “எனக்கும் கொஞ்சம் வெச்சி வுடுங்கண்ணே.”

“எங்கம்மா இன்னும் இருக்குது தம்பி. போனதும் அதுங்கிட்ட சொல்லணும்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வேனுக்குப் போனார் வேடியப்பன்.

அவர் தலை மறைந்ததும் கலையரசன் வெடித்தார். “ஏன்யா, நாய்க்குத் தங்கப் பல்லு கட்டுனது போதாதா? அடுத்தவன் அப்பன வெச்சும் கதை கட்டணுமா? அந்த மனுஷன் அழுவுறாரு, கொஞ்சமாச்சும் வெக்கமா இல்ல? இருசப்பன்னு ஒருத்தர நீ கண்டியா, கேட்டியா?”

கைடு தலையைக் குனிந்துகொண்டான்.

“குழியில சாவல சார். ஊருக்குப் போறேன்னும் ஒருநாளும் சொன்னதில்ல. இங்கியே வேற குடும்பம் ஆயிடுச்சி. போன வருஷம்தான், காமாலை வந்து வீட்டுல செத்தாரு. அத எப்பிடி சார் அவருகிட்ட சொல்றது?”

கலையரசன் விடவில்லை. “இதாவது நெசமா? உனக்கு எப்படித் தெரியும்?”

வேனுக்குள் வேடியப்பனின் குரல் ஓங்கி ஒலித்தது. “மூணு பேரக் காப்பாத்திட்டுத்தான் எங்கப்பா செத்தாரு!”

கைடு வேனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கொள்ளி வெச்சதே நான்தான் சார்.”