கப்பல் சீல் குத்திய கவர்

தபால்காரர் பஞ்சநதத்தின் சைக்கிள் மணியைக் கேட்டாலே கமருன்னிஸாவுக்கு வயிற்றெரிச்சல் கிளம்பிவிடும்.

நாகூரில் அப்போதெல்லாம் தபால்காரர் வந்தால் தெருவே வாசலுக்கு வரும். எதிர்வீட்டுக்கு சவூதியிலிருந்து டிராஃப்ட். பக்கத்து வீட்டுக்கு சிங்கப்பூரிலிருந்து போட்டோ. இவள் வீட்டுக்கு மட்டும் மாதம் தவறாமல் ஒரு வெறும் கவர். பிரித்தால் உள்ளே ஒன்றும் இருக்காது.

எல்லாம் புருஷன் ஜெக்கரியாவின் வேலை. மனுஷர் மளிகைக்கடையோடு நின்றிருக்கலாம். தபால்தலை சேர்க்கிற கிறுக்கும் இருந்தது. நேவியில் டிஸ்ட்ராயர் என்று ஒரு போர்க்கப்பலாம். ஒரு கவரில் தன் விலாசத்தைத் தானே எழுதி, தபால்தலையும் ஒட்டி, அதை இன்னொரு கவருக்குள் வைத்து அந்தக் கப்பலுக்கு அனுப்புவார். அங்கே தபால் பார்க்கிற ஆள் கப்பல் சீலைக் குத்தித் திருப்பி அனுப்புவார். அந்தச் சீலை ஆல்பத்தில் சேர்க்கத்தான் இத்தனை பாடாம்.

"ஊரெல்லாம் கப்பலேறிப் போய்ச் சம்பாதிக்குது. எங்க வீட்டுல கப்பலுக்குச் செலவழிக்கிறாங்க."

போகிறவர் வருகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லித் தீர்ப்பாள். ஜெக்கரியா சிரித்தே மழுப்பிவிடுவார். மூலைக்கு மூலை எஸ்.டி.டி. பூத் வந்தது. சவூதிக் கடிதங்களே அருகிப்போயின. இந்தக் கவர் மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் வாசலில் டிரங்குப் பெட்டியோடு ஓர் ஆள். பெயர் துரைராசு, சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி. கப்பலில் இத்தனை வருஷம் சீல் குத்தியவர் அவர்தானாம். நேவி வேலை முடிந்து ஊருக்குப் போகிற வழியில், கடைசிக் கவரைக் கையோடு கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தார். ஜெக்கரியா அவரைக் கட்டிக்கொண்டார். கமருன்னிஸா டீயும் இறால் வாடாவும் கொண்டுவந்து வைத்தாள்.

டீ குடித்து முடித்த துரைராசு கூச்சத்தோடு கேட்டார்.

"பாய், அந்த ஆல்பத்தை ஒரு தடவை பாத்துக்கிறேனே. அத்தனையும் நான் குத்துன சீலு."

ஜெக்கரியா சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார். பீரோ சாவியைக் காணோம் என்றார். இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். கமருன்னிஸா விடுவாளா? அவ்வளவு தூரத்திலிருந்து வந்த பிள்ளை ஆசையாய்க் கேட்கிறது. சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. ஆல்பத்தைத் தூக்கிவந்து அவளே விரித்தாள்.

அந்தக் கப்பலுக்கான பக்கத்தில் ஒரே ஒரு கவர்.

புரட்டிப் பார்த்தாள். வேறு இல்லை. மற்றதெல்லாம் எங்கே என்று கேட்க வாயெடுத்தவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. கடையில் ஏலக்காயும் கிராம்பும் மடித்துக் கொடுப்பது இந்தக் கப்பல் கவர்களில்தானே? பாவி மனுஷன், வந்த பிள்ளை மூஞ்சியில் கரியைப் பூசிவிட்டாரே.

துரைராசு அந்த ஒற்றைக் கவரைத் தடவிக்கொண்டிருந்தார். முகம் வாடவில்லை.

"தெரியும் பாய். ஆல்பத்துல ஒரு கப்பலுக்கு ஒரு சீல் இருந்தா போதும்னு எங்க ஆபீசர் அப்பவே சொல்லிட்டாரு."

"அப்புறம் எதுக்கு மாசாமாசம் ரெண்டு பேருக்கும் இந்தக் கூத்து?" கமருன்னிஸாவுக்குப் பொறுக்கவில்லை.

ஜெக்கரியா டீ கிளாஸை எடுக்கக் குனிந்தார். துரைராசுதான் சொன்னார்.

"கப்பல்ல எல்லாருக்கும் தபால் குடுக்கிறவன் நான்தான்க்கா. எனக்குத்தான் எழுத ஆள் கிடையாது. அப்பா அம்மா இல்ல, கூடப் பொறந்தவங்களும் இல்ல. மொத தடவை சீல் குத்தி அனுப்புறப்ப, நம்ம பக்கத்து ஆளாச்சேன்னு பாய்க்கு இதை ரெண்டு வரி எழுதிப் போட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து கவர் கப்பல் பேருக்கு இல்லாம என் பேருக்கு வர ஆரம்பிச்சுது."

கமருன்னிஸா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் கொண்டுவந்த கடைசிக் கவரை எடுத்து ஆல்பத்துக்குள் பத்திரமாக வைத்தாள்.

"திருத்துறைப்பூண்டி விலாசத்தைச் சொல்லுங்க தம்பி" என்றாள். "அடுத்த மாசம் எங்க போடுறது?"