எட்டுக் கால் சிப்

"லேப்டாப் செத்துப்போச்சு. குமணன்சாவடி ஆசிக் கடையில காட்டிட்டேன். போர்டே போயிடுச்சாம், புதுசுதான் வாங்கணுமாம்" என்று பத்மா அதைக் கட்டிலில் பொத்தென்று வைத்தாள்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த ஜெகதீஷ் அசையவில்லை. திருமழிசை கம்பெனியில் ஆட்குறைப்பு என்று அனுப்பியதிலிருந்து, நாலு மாதமாக அவனுக்கு அந்தச் சுவரோடுதான் குடித்தனம்.

"திங்கட்கிழமை பசங்களுக்கு ஆன்லைன் கிளாஸ் எடுக்கணும். இப்ப வீடு ஓடுறதே அதாலதான், ஞாபகம் இருக்கா?"

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். பதினாலு வருஷம் போர்டு டெஸ்டிங்ல இருந்தவர், பார்க்கச் சொல்லட்டுமான்னு ஆசிக்கிட்ட கேட்டேன். 'பட்டன் அமுக்குன ஆளுக்கெல்லாம் இது ஆவாதுக்கா'ன்னுட்டான்."

ஜெகதீஷ் எழுந்து உட்கார்ந்தான்.

"பட்டன் அமுக்குனேனா? அவனா சொன்னான்?"

பத்மா சமையலறைக்குப் போய்விட்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத பொம்பளை என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லேப்டாப்பைக் கவிழ்த்து ஸ்க்ரூக்களைக் கழற்றினான். கரண்ட் எல்லா இடத்துக்கும் ஒழுங்காகவே வந்தது. சந்தேகப்பட மிஞ்சியது ஓரத்தில் இருந்த பயாஸ் என்கிற பொடி சிப், எட்டுக் கால். ஸ்விட்ச் போட்டதும் கம்ப்யூட்டர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று அதில்தான் எழுதியிருக்கும். அதைப் படிக்கவும் எழுதவும் புரோகிராமர் என்று ஒரு கருவி வேண்டும். கம்பெனியில் மேஜைக்கு மேஜை இருந்தது. ஆன்லைனில் போட்டால் புதன்கிழமைதான் வருமாம்.

"செஞ்சே காட்டுறேன்" என்றான், யாரும் கேட்காமலே.

பரண் பெட்டியைக் குடைந்ததில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு கிடைத்தது. அதையே அந்தக் கருவியாக மாற்றிவிடலாம். பழைய இன்டர்நெட் கேபிளை அறுத்து ஒயர் எடுத்தான். சிப்போ மூன்று வோல்ட் ஆசாமி, போர்டு கொடுப்பதோ ஐந்து. நேராகக் கொடுத்தால் சிப் பரலோகம் போய்விடும். நடுவில் ரெசிஸ்டர்களை வைத்துப் பற்றவைத்தான்.

இதையெல்லாம் ஆட்டிவைக்க இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டுமே! நாலு மாதமாக யார் முகத்திலும் விழிக்காதவன், எதிர் ஃபிளாட் கதவைத் தட்டினான்.

"சிவராமன் சார், உங்க லேப்டாப் ரெண்டு நாளைக்குக் கிடைக்குமா?"

"அட ஜெகதீஷ்! ஊர்லதான் இருக்கீங்களா?" என்று அவர் எடுத்துக் கொடுத்தார்.

படித்துப் பார்த்தான். சிப் காலி என்றது திரை. ஒயர் நீளம் ஜாஸ்தி, அதுதான் பொய் சொல்கிறது என்று பாதியாக வெட்டினான். அப்போதும் காலி.

"சாப்பிட வாங்க."

"மூடி வை, வர்றேன்."

விடுவேனா என்று சிப்பையே பெயர்த்தெடுத்து, ஒவ்வொரு காலுக்கும் ஒயரை நேராகப் பற்றவைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிப் தன் பெயரையும் நம்பரையும் பிசகில்லாமல் சொன்னது. ஆனால் உள்ளே? மூன்று முறை படித்தும் காலி.

இனி ஒயரைக் குறை சொல்ல முடியாது. தானாகக் கெட்டிருந்தால் கன்னாபின்னாவென்று ஏதாவது மிச்சம் இருக்கும். இது கழுவிக் கவிழ்த்த பாத்திரமாக இருந்தது. யாரோ வேண்டுமென்றே அழித்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ! புது லேப்டாப்பைத் தலையில் கட்ட ஆசிக் செய்த வேலை!

பல்லைக் கடித்துக்கொண்டு, லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து ஃபைலை இறக்கி எழுதினான். பாதியில் நின்றது. மறுபடி எழுதினான். எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டான். எல்லாம் சரி. சிப்பைப் பழைய இடத்தில் வைத்துப் பற்றவைத்து, பட்டனை அமுக்கினான்.

திரையில் வெளிச்சம் வந்தது.

"பத்மா!"

ஓடிவந்தவள் திரையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்தாள்.

"இரு, அந்த ஆசிக்கை உண்டு இல்லைன்னு பண்ணிட்டு வர்றேன்."

"ஐயோ, வேணாங்க. அதான் ஓடிடுச்சுல்ல, விடுங்க!"

அவன் அதற்குள் பைக்கைக் கிளப்பிவிட்டான்.

"ஏண்டா, நம்பிக் கொடுத்த பொருளை அழிப்பியா? கிளாஸ் எடுத்துப் பிழைக்கிறவ வயித்துல அடிப்பியா?"

கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கத்தாதண்ணே. இப்ப ஓடுதா இல்லியா?" என்றான் ஆசிக்.

"ஓடுது. நான் ஓட வெச்சேன்!"

"புரோகிராமருக்கு இன்னா பண்ணே?"

"நானே செஞ்சேன்!"

ஆசிக் சிரித்துவிட்டான். ஜெகதீஷுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"என்னடா சிரிப்பு? சிப்பை அழிச்சது நீதானே?"

"நான்தாண்ணே."

"போலீசுக்குப் போவேன்!"

"வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிக்கீறேன். ஆனா நாலு பேர் எதிர்க்க கடை பேரைக் கெடுக்கிறியே. இந்தா, நீயே படிச்சுக்கோ" என்று ஆசிக் ரசீது புத்தகத்தைத் திருப்பி வைத்தான்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை, கொடுக்கிறவர்களே கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு யாரும், 'நான் அப்படிச் சொல்லலையே' என்று சண்டைக்கு வந்துவிடக் கூடாதல்லவா!

வெள்ளிக்கிழமை தேதியிட்ட தாளில், பத்மாவின் குண்டு குண்டான கையெழுத்து:

"லேப்டாப் நன்றாக ஓடுகிறது. பயாஸ் சிப்பை மட்டும் அழித்துக் கொடுக்கவும். சரிசெய்ய வேண்டாம். அதை என் வீட்டுக்காரர் செய்துகொள்வார்."