ஷிரோமியின் சாட்சி

றுஷாந்தன் எழுந்தான், முகம் கழுவினான், தேத்தண்ணி ஊற்றினான். பழக்கத்தில் இரண்டு கோப்பை. யாரோ தட்டியதும் கதவைத் திறந்து, செத்துப்போன மனைவியின் கோப்பையைப் பாஸ்டரிடம் நீட்டினான்.

"இன்னைக்குப் பசறை ஊர் ஜெபக் கூட்டத்துல நீங்களே சாட்சி சொல்லணும், தம்பி. கோயில் பக்கமே வராத ஷிரோமி, கடைசி மூச்சுல 'ஆண்டவரே, மன்னியும்'னு அழுதாங்களே! அவரு இரக்கம் எவ்வளவு பெரிசு!"

"அவரு இரக்கம் பெரிசுதான், பாஸ்டர். மனந்திரும்பாதவங்களுக்குக் கல்லறைத் தோட்டத்துல இடமில்லைன்னது நீங்கதானே?"

"அதான் திரும்பிட்டாங்களே! நீங்க வந்து சொன்னதும் இடம் குடுத்தேனே!"

ஆறடி மண்ணுக்காக அன்று அவன் கட்டிய கதை, ஹல்துமுல்லை ஊர் வரை பரவி நாலு பேரை அழவைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் இந்த மனுசன் அவளைத் தோண்டியெடுக்கவும் தயங்கமாட்டார்.

"வர்றேன், பாஸ்டர்" என்றான்.

ஷிரோமி கடைசியாகச் சொன்னது இதுதான்: "பாஸ்டர் வந்தா கதவத் திறந்துடாதீங்க."