பேர் மட்டும் எழுதியவர்

"இன்னொரு தடவை படிங்க டீச்சர்" என்றார் ஆர்கீரிஸ், கண்ணைத் திறக்காமலே.

மீர்சினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வரியை வர்வாரா டீச்சர் ஏற்கெனவே மூன்று முறை படித்தாயிற்று.

பல்கலைக்கழகத்தில் ஒரே மேஜையைச் சுற்றி அடங்கிவிடுகிற சின்ன வகுப்பு. பழைய கிரேக்கப் பாடல்கள், விருப்பப் பாடம். டீச்சருக்கு எரிச்சலே வராது. விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். நெடில், குறில், குறில். நெடில், குறில், குறில்.

யார் பாடியதென்று தெரியாத பாட்டு. பாதி வரிகள் கிழிந்துபோய்விட்டன. மிச்சமிருப்பதில் ஒருத்தி கரையில் நின்று கப்பல் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான்.

ஜன்னலுக்கு வெளியே யானினா ஏரியைப் பனி மூடியிருந்தது. நடுவில் தீவு இருப்பதே தெரியவில்லை. டீச்சரின் குரல் ஏறி இறங்க, மீர்சினிக்கும் கண் சொக்கியது. தானே அந்தக் கரையில் நிற்பது போல, காலுக்கடியில் ஈர மணல் மெல்ல நழுவுவது போல இருந்தது. கப்பலில் போவது யார்? முகம் தெரிகிற நேரத்தில் மணி அடித்துவிட்டது.

இன்றைக்கும் ஒரு பாட்டுகூட முடியவில்லை.

மேற்படிப்புக்கு இத்தாலி போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அங்கே நுழைவுத் தேர்வே இந்தப் பாடல்களில்தான். இந்தப் பாடம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. இருபது பாட்டு பாக்கி இருக்க, இந்த மனிதர் சொக்கிப்போய் உட்கார்ந்துகொண்டு 'இன்னொரு தடவை' என்கிறார்.

படிக்கட்டில் அவரைப் பிடித்துவிட்டாள்.

"மாமா, உங்களை ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா" என்றார். எள் தூவிய வளைய ரொட்டியைப் பிட்டு அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"எட்டு வருஷமா படிக்கிறீங்களாமே?"

"ஆமா. அம்பத்தெட்டு வயசுல படகைப் பையன்கிட்ட கொடுத்துட்டு வந்து சேர்ந்தேன். முப்பது வருஷம் தீவுக்கும் கரைக்கும் ஆளுங்களை ஏத்தி இறக்கினது போதும்னு தோணுச்சு."

"இந்தப் பாடம் மட்டும் எத்தனாவது தடவை?"

"அஞ்சாவது."

"முந்தின நாலு தடவையும் பரீட்சையில என்ன எழுதினீங்க?"

"பேரு எழுதினேன்."

"அப்புறம்?"

"கையெழுத்துப் போட்டேன்." சிரித்தார். "பேனா நல்லா எழுதுச்சு."

மீர்சினிக்குச் சிரிப்பு வரவில்லை. "பொழுது போகலேன்னா காபிக் கடை இருக்கே மாமா. நாங்க இங்க எதிர்காலத்துக்காகப் படிக்கிறோம்."

அவர் முகம் கொஞ்சம் வாடியது. "அந்த வரி கேக்க நல்லா இருந்துது, அதான்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனார்.

அன்று மதியமே விண்ணப்பம் எழுதிவிட்டாள். 'நான்கு ஆண்டுகளாக வெற்றுத் தாள் கொடுத்து வருகிறவர், வகுப்பின் வேகத்தைக் கெடுக்கிறார். அவரை இந்தப் பாடத்திலிருந்து நீக்க வேண்டும்.'

அலுவலகத்தில் கலியோபி அக்கா அதை வாங்கி நிதானமாகப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"கொடுக்கணும்னுதான் வந்தியா?"

"ஆமாக்கா. வெற்றுத் தாள் கொடுக்கிறவரு எதுக்கு வகுப்புக்கு வரணும்? விதிப்படி தூக்கலாமா, இல்லையா?"

"தாராளமா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பட்டியல் திறந்துதான் இருக்கு. நீக்கிட்டா நீங்க எத்தனை பேரு?"

மீர்சினி மனசுக்குள் எண்ணினாள். "நாலு."

"அஞ்சு பேருக்குக் குறைஞ்சா பாடம் கிடையாது. டீச்சரை வேற வகுப்புக்கு மாத்திடுவாங்க."

"வேற யாராவது..."

"யாரு வர்றா? செத்துப்போன பாஷையில கிழிஞ்சுபோன பாட்டுன்னு ஓடுறாங்க. நாலு வருஷம் முன்னாடியும் நாலு பேருதான் சேர்ந்தாங்க. நீ நிக்கிற இடத்துலதான் நின்னாங்க. பாடத்தை மூடியாச்சுன்னு சொன்னேன். ஒரு பொண்ணு அழுதுட்டா. பின்னாடி ஏதோ சான்றிதழ் வாங்க இவரு நின்னுக்கிட்டிருந்தாரு. 'நான் சேர்ந்தா அஞ்சாகுமா'ன்னு கேட்டாரு."

"சரி, சேர்ந்தாரு. பரீட்சையை எழுத வேண்டியதுதானே?"

"எழுதித் தேறிட்டா அடுத்த வருஷம் அதே பாடத்துல பேரு கொடுக்க முடியாதே."

பனி கலைந்து ஏரி வெளுப்பாகத் தெரியத் தொடங்கியிருந்தது. மீர்சினி கை நீட்டி விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தேற முடியாதவர்னு பாவப்பட்டு, கேக்கும்போதெல்லாம் திரும்பப் படிச்சுக் காட்டுறாங்க. வருஷா வருஷம் பட்டமளிப்பு சமயத்துல அவரு சம்சாரம்தான் போன் பண்றாங்க. 'இந்தத் தடவையாவது தேறிட்டாரா'ன்னு."

"பாவம். இன்னும் எத்தனை பாடம் பாக்கி அவருக்கு?"

கலியோபி அக்கா கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"அன்னிக்கு இந்தப் பாடத்துல சேர்ந்தப்போ பட்டம் வாங்க ஒரே ஒரு பாடம்தான் பாக்கி. இன்னிக்கும் அதே ஒண்ணுதான்."