பாதி ஈசலுக்குக் கத்துற தவளை

"நாளையிலேர்ந்து நீ கத்த வேணாம்ப்பா"ன்னு மழைமேகம் சொன்னப்ப, குளத்துத் தவளை பாதிக் கத்தல்ல இருந்துச்சு. தொறந்த வாய மூடவே மறந்து போச்சு.

கத்தி மழைய வரவழைக்கிறதுதான் அதோட வேலை. மழை விட்டதும் மேகம் ஈசலக் கெளப்பிவிடும், அதான் சம்பளம். குட்டிங்க எல்லாம் அந்த ஈசல நம்பித்தான் இருந்துச்சுங்க.

"ஏங்கய்யா, நான் சரியா கத்தலையா?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லப்பா! கடலுக்கு அந்தப் பக்கத்துத் தவளை பாதி ஈசலுக்கே கத்துறேங்குது. அதுக்குக் கத்தக் கத்துக்குடுத்துட்டு நீ கெளம்பு. நாமெல்லாம் ஒரே குடும்பம்தானே!"

மறுநாளே மேகத்து மேல ஏறி வந்து எறங்குச்சு புதுத் தவளை. தப்புத் தப்பா சொல்லிக்குடுத்து அனுப்பிடணும்னுதான் பழைய தவளை நெனச்சுது. ஆனா வந்தவனப் பாத்தா, வயிறு முதுகோட ஒட்டிக் கெடந்துச்சு! மனசு கேக்கல. எல்லாத்தையும் ஒழுங்காவே சொல்லிக்குடுத்துடுச்சு.

"அண்ணே, நடுநடுவுல மூக்க உறிஞ்சுறீங்களே, அதயும் செய்யணுமா?"

"அது பாடத்துல இல்லடா"ன்னு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு பழைய தவளை.

இனிமே தன் ஊருலேர்ந்தே கத்துறதுக்காக, புதுசு மேகத்தோடவே கெளம்பிப் போயிடுச்சு. அடுத்த நாள் சாயந்திரம் கத்துற நேரம் வந்ததும், பழைய தவளையோட தொண்டை தானா உப்பிக்கிச்சு. அப்புறந்தான் ஞாபகம் வந்து, மெதுவா காத்த வெளிய விட்டுச்சு.

வேலை போன மறுநாளும் அதே நேரத்துக்குக் குளிச்சு, சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னிருக்கீங்களா, நீங்களும்?