வெட்டாத மடிப்பு

அநியாயம் நடந்தது ஒரு பழைய பொறியியல் இதழுக்கு. மடித்தபடியே வரும் தாள்களின் மடிப்பை வாசகர்தான் கத்தியால் வெட்டித் திறக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். இதை யாருமே திறக்கவில்லை. திறக்காத இதழ் அபூர்வம் என்பதற்காகவே ஒருவர் வாங்கி, கண்ணாடி அலமாரியில் பூட்டிவிட்டார். உள்ளே ஒரு பாலத்தின் வரைபடம் வெளிச்சமே படாமல் கிடந்தது.

ஒருநாள் கதவிடுக்கில் ஓர் இராமபாணப் பூச்சி எட்டிப் பார்த்தது. "உள்ளே வரலாமா?"

"வந்தால் அரிப்பாய்" என்றது இதழ்.

"அரிப்பேன்தான். பசிக்கிறதே."

பக்கத்திலிருந்த பூதக்கண்ணாடி பதறியது. "விடாதே அம்மா. முழுசாக இருப்பதுதானே உன் பெருமை?"

"பூட்டி வைத்தால் யாரும் முழுசாகத்தான் இருப்பார்கள். இதில் என் பெருமை எங்கே வந்தது? அவர் உன்னை வைத்து எத்தனையோ தடவை என்னைப் பார்த்தாரே, ஒரு வரியாவது படித்தாரா?"

"அட்டையில் கறை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்" என்றது பூதக்கண்ணாடி, மெதுவாக.

பூச்சி இன்னும் இடுக்கிலேயே காத்திருந்தது.

"நான் வரவா, போகவா?"

"வா" என்றது இதழ். "மடிப்பிலிருந்து ஆரம்பி."